தூக்கக் குறைவும் நெற்றியை இறுக்கும் தலைவலியும்: சுழற்சி ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் அனுபவமும் மருத்துவ விளக்கமும் வேண்டும்

சிறுவாணி:
அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகில் ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் ஆலையில் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் ஆகிய மூன்றும் வாரத்துக்கு ஒன்றாக மாறி வரும். முழு நைட் வாரத்தில் காலை ஆறு மணிக்கு வேலை முடித்து வீடு திரும்பிப் படுத்தால், தெருவின் சத்தமும் வெயிலும் சேர்ந்து நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் தூங்க விடுவதில்லை. முதல் இரண்டு நாள்கள் எப்படியோ கழிந்துவிடுகின்றன. மூன்றாம் நாளில் தலைவலி தொடங்குகிறது.

வலி துடிப்பதில்லை, குத்துவதில்லை. ஈரத் துண்டை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டியதைப் போல இரண்டு பக்கமும் ஒரே அளவாக அழுத்துகிறது. பிடரியும் தோள்பட்டையும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. குமட்டல் இல்லை. படி ஏறினாலும் வலி கூடுவதில்லை. வேலையை விட்டுவிட்டுப் படுக்க வேண்டிய அளவுக்குப் போவதும் இல்லை. ஆனால் விடாமல் இருந்துகொண்டே இருக்கிறது.

கண் பரிசோதனை செய்தாயிற்று, இரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. உடன் வேலை செய்பவர்களில் சிலர் உடம்புச் சூடு என்கிறார்கள், வேறு சிலர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். தூக்கம் குறைவதால் தலைவலி வருகிறதா, அல்லது தலைவலியால்தான் தூக்கம் கெடுகிறதா என்பதே என் கேள்வி. இதில் எது முதல் என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது விளங்கும்.

மருதம்:
வணக்கம் ஐயா. தஞ்சை மாவட்டத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் நோயின் பெயரைத் தீர்மானமாகச் சொல்வது முறையன்று. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, மருத்துவர்கள் டென்ஷன் தலைவலி என்று சொல்லும் இறுக்கத் தலைவலியின் இலக்கணத்தோடு ஏறத்தாழ வரிக்கு வரி ஒத்துப்போகிறது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வகைப்பாட்டின்படி, இந்த வலி அரை மணி நேரத்திலிருந்து ஏழு நாள் வரை நீடிக்கலாம். இரு பக்கமும் இருக்கும். அழுத்துவதாகவோ இறுக்குவதாகவோ இருக்குமே தவிரத் துடிக்காது. மிதமான அளவைத் தாண்டாது. நடப்பதாலும் படி ஏறுவதாலும் கூடாது. ஒற்றைத் தலைவலியான மைக்ரேன் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, துடித்து, குமட்டி, அசைந்தால் கூடி, இருட்டறையைத் தேட வைக்கும்.

இது அரிய நோயன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்பில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இந்தத் தலைவலி வந்திருந்தது. ஆகவே எல்லோருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. ஆனால் நொடிப் பொழுதில் உச்சத்தைத் தொடும் கடும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ பார்வைக் கோளாறோ சேர்ந்து வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தூக்கம் குறைந்த மறுநாள் நெற்றியிலோ உச்சியிலோ மந்தமான பாரமாக வரும் தலைவலியை, லண்டனைச் சேர்ந்த ப்ளாவ் என்ற நரம்பியல் மருத்துவர் 1990-இலேயே தனியாக விவரித்து எழுதினார். அதற்கும் முன்பு, 1975-இல், டொராண்டோவில் மோல்டோஃப்ஸ்கியும் அவருடைய குழுவினரும் நல்ல உடல்நலம் உடையவர்களைப் படுக்க வைத்து, அவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குள் செல்லும் போதெல்லாம் ஒலி எழுப்பிக் கலைத்தார்கள். முழுதாக விழிக்க விடவில்லை, ஆழத்துக்குப் போகவும் விடவில்லை. சில இரவுகளுக்குள்ளாகவே, எந்த நோயும் இல்லாத அவர்களுடைய தசைகளில் தொட்டால் வலிக்கும் தன்மையும் உடல் அசதியும் தோன்றின.

காரணம் மூளையில் இருக்கிறது. உடம்பிலிருந்து வரும் வலிச் செய்திகள் அனைத்தையும் மூளை அப்படியே உணர்வதில்லை; நடுமூளையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் நரம்புப் பாதைகள் அவற்றில் பலவற்றைத் தணித்துவிடுகின்றன. தூக்கம் போதாதபோது அந்தத் தணிப்பு தளர்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையில் வலியை உணரும் புறணிப் பகுதி அதிகமாகத் தூண்டப்பட்டதையும், வலியை மதிப்பிட்டுத் தணிக்க உதவும் உட்பகுதிகளின் செயல்பாடு குறைந்ததையும் படமெடுத்துக் காட்டினார்கள். முந்தைய நாள் பொருட்படுத்தாமல் விட்ட பிடரி இறுக்கம், தூங்காத மறுநாள் வலியாகவே தெரிகிறது.

பொருநை:
மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் எனக்கு ஓர் அடிப்படையான ஐயம் இருக்கிறது. குறைவாகத் தூங்குபவர்கள் எல்லோருக்கும் தலைவலி வருவதில்லை. எங்கள் ஊரில் அறுவடைக் காலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வயலுக்குப் போகிறவர்கள் இரவு வெகு நேரம் கழித்துத்தான் படுக்கிறார்கள். அவர்களிடம் இந்த முறையீட்டை நான் அதிகம் கேட்டதில்லை. தலைவலியும் தூக்கமின்மையும் ஒன்றாக வருகின்றன என்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடன், குடும்பக் கவலை, மேலாளரின் நெருக்கடி என்று மூன்றாவதாக ஒன்று இருந்து, அதுவே தூக்கத்தையும் கெடுத்து, கழுத்துத் தசையையும் இறுக்கலாம் அல்லவா? அப்படியானால் தூக்கத்தை மட்டும் சரிசெய்ய முயல்பவர் ஏமாற்றம் அடைவார். ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு விழிக்க வைப்பதும், ஆண்டுக்கணக்கில் ஒரு மனிதர் வாழும் வாழ்க்கையும் ஒன்றல்ல.

பனிக்கரை:
பொருநை அண்ணா, உங்களுடைய கேள்வி மிகவும் நியாயமானது. நான் நோர்வேயின் த்ரொண்ட்ஹைம் நகரில் தாதியாகப் பணிபுரிகிறேன். நீங்கள் கேட்கும், ஆண்டுக்கணக்கான வாழ்க்கையைப் பின்தொடர்ந்த ஆய்வு இந்தப் பகுதியிலேயே நடந்திருக்கிறது. ஹுன்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வில், நூர்-த்ரொண்டலாக் மாவட்டத்தின் வயதுவந்தோர் அனைவரும் அழைக்கப்பட்டுப் பல்லாயிரம் பேர் பங்குபற்றினார்கள். 1995 முதல் 1997 வரை நடந்த இரண்டாம் சுற்றில் தலையிடி இல்லாதவர்களாக இருந்தோரை, 2006 முதல் 2008 வரை நடந்த மூன்றாம் சுற்றில் மீண்டும் விசாரித்தபோது, முன்னர் நித்திரையின்மையால் அவதிப்பட்டவர்களுக்குத் தலையிடி புதிதாக ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதலாக இருந்தது. மறுதிசையிலும் பார்த்தார்கள்: முதலில் தலையிடி மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் நித்திரையின்மை ஏற்படும் வாய்ப்பும் கூடியிருந்தது. ஆகவே, சிறுவாணி அண்ணா கேட்ட "எது முதல்" என்ற வினாவுக்கு, இரண்டுமே ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே விடை. எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் சுற்று முழுமையாகிவிடுகிறது. எந்தப் பக்கத்தில் வெட்டினாலும் அது தளரும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

குறைவாக உறங்கும் எல்லோருக்கும் ஏன் வருவதில்லை என்ற உங்கள் கேள்விக்கும் இங்கு ஒரு சுவையான தடயம் கிடைத்திருக்கிறது. எங்சுத்ரெம் என்ற ஆய்வாளரின் குழுவினர் இறுக்கத் தலையிடி உள்ளவர்களுக்கு இரவு முழுவதும் மூளை அலைப் பதிவு எடுத்தார்கள். பதிவு மோசமாக இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஆழ்ந்த நித்திரையின் அளவு அவர்களிடம் மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாக இருந்தது. அப்படியிருந்தும் தங்கள் நித்திரை போதவில்லை என்றும், பகலில் களைப்பாக இருக்கிறது என்றும் அவர்களே கூறினார்கள். நித்திரைக் கடன் பட்டிருக்கும் மூளைதான், படுத்தவுடன் ஆழ்ந்த நிலையைத் தேடி ஓடும். எனவே இவர்களுக்கு மற்றவர்களை விட அதிக நித்திரை தேவைப்படுகிறது என்றும், சராசரி நேரம் உறங்கினாலும் அது அவர்களுக்குக் குறைவாகவே அமைந்துவிடுகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆறு மணி நேரம் உங்களுடைய விவசாயிக்குப் போதுமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குப் போதாமல் இருக்கலாம். பிறரோடு ஒப்பிட்டு "எனக்கு மட்டும் ஏன்" என்று வருந்துவதில் பயனில்லை என்று நான் என்னுடைய நோயாளிகளிடம் சொல்வது இதனால்தான்.

மருதம்:
பனிக்கரை அம்மா எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் சிறுவாணி ஐயா குறிப்பிட்ட "மூன்றாம் நாள்" என்ற செய்தி என் கவனத்தை ஈர்த்தது. அமெரிக்காவில் நாள்பட்ட தலைவலி உள்ளவர்களை நாள்தோறும் குறிப்பு எழுத வைத்து, 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தூங்கிய நேரம், மனநெருக்கடி, தலைவலியின் கடுமை ஆகிய மூன்றையும் நாள் வரிசையில் வைத்துப் பார்த்தபோது, தொடர்ந்து இரண்டு நாள்கள் தூக்கம் குறைந்தாலோ, தொடர்ந்து இரண்டு நாள்கள் நெருக்கடி மிகுந்தாலோ, அடுத்து வரும் தலைவலி கடுமையாக இருக்கும் என்று கணிக்க முடிந்தது. ஒரே ஒரு கெட்ட இரவைப் பெரும்பாலோரின் உடல் தாங்கிக்கொள்கிறது. அடுத்தடுத்து இரண்டு வந்தால் தாங்குவதில்லை. ஐயாவின் ஷிப்ட் வாரத்தில் நடப்பதும் இதுதான் என்று எண்ணுகிறேன்.

பொருநை ஐயா சொல்லும் மனநெருக்கடியும் அந்த ஆய்விலேயே சம இடம் பெற்றிருக்கிறது; அதை நான் ஒதுக்கவில்லை.

பொருநை:
சம இடம் என்று ஏற்றுக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. ஆலைத் தொழிலில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கடினம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். உற்பத்தி இலக்கு நெருங்கும் வாரத்தில்தான் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்கள். அப்போது தூக்கமும் போகிறது, மனஅமைதியும் போகிறது.

கழுத்துப்பட்டை:
இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மூளையைப் பற்றிப் பேசும்போது தசையை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இந்தத் தலைவலி உள்ளவர்களைத் தொட்டுப் பரிசோதித்தால், நெற்றிப்பொட்டிலும் தாடையிலும் உள்ள மெல்லும் தசைகள், பிடரியில் மண்டையோடு சேரும் இடம், கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் பெரிய தசை ஆகியவற்றில் அழுத்தினால் வலிக்கும் புள்ளிகள் தெளிவாகத் தென்படும். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சென்று சேர்வதால், பிடரியில் தோன்றும் வேதனை நெற்றியில் வலிப்பதாக உணரப்படுகிறது. நெற்றியில் தைலம் தடவிக்கொண்டே பிடரியைக் கவனிக்காமல் இருப்பவர்கள் மிகப் பலர்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு வலிக்கும். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சத்தம் கேட்டதா என்று சொல்வார்கள், பல் மருத்துவர் பார்த்தால் தேய்மானம் தெரியும். பகல் தூக்கத்துக்கு நாற்காலியிலோ பேருந்து இருக்கையிலோ கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கண்ணயர்வதும் நல்லதன்று. சிறுவாணி அவர்கள் ஆலை வண்டியில் வீடு திரும்பும்போது அப்படித் தூங்குகிறாரா என்று அறிய விரும்புகிறேன்.

செங்கை ஆசிரியை:
ஒரு மேல்நிலைப் பள்ளியில் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதே தலைவலியை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நள்ளிரவு வரை படித்து, அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, தனிப்பயிற்சிக்குச் சென்றுவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள். பெற்றோர் முதலில் கண்ணாடியை மாற்றுகிறார்கள், பிறகு தைலம் வாங்கிக் கொடுக்கிறார்கள். தைலத்தால் உண்மையிலேயே பயன் உண்டா? பதின்பருவத்தினருக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்பதையும் மருத்துவர் தெரிவித்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்வேன்.

மருதம்:
அம்மா, பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. நான்கு, நான்கரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையை ஓராண்டு முழுவதும் ஓட்ட முடியாது. படித்தது நினைவில் பதிவதும் தூக்கத்தில்தான் நடக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். தைலத்தைப் பொறுத்தவரை, புதினா எண்ணெயை நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் தடவுவது இறுக்கத் தலைவலியை ஓரளவு தணிக்கிறது என்பதை ஜெர்மனியின் கீல் நகரில் கோபல் என்பவர் நடத்திய ஆய்வு காட்டியிருக்கிறது. கண்ணில் படாமல் தடவிக்கொள்ளலாம், கைக்குழந்தைகளுக்குக் கூடாது. ஆனால் தைலம் அந்த மணி நேரத்து வலியைத்தான் குறைக்கும், அன்றிரவுத் தூக்கத்தைத் தராது.

சிறுவாணி:
கேட்ட விவரங்களைத் தருகிறேன். ஆலை வண்டியில் வீடு வர முக்கால் மணி நேரமாகும். எல்லோருமே அதில் கழுத்தைத் தொங்கவிட்டுத் தூங்கிவிடுவோம். முழு நைட்டில் இரவு பன்னிரண்டு, இரண்டு, விடியற்காலை ஐந்து மணி ஆகிய வேளைகளில் டீ குடிக்கும் பழக்கம் உண்டு. வலி வந்தால் மருந்துக் கடையில் காஃபின் கலந்த தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். முழு நைட் வாரத்தில் அநேகமாக நாள்தோறும், மற்ற வாரங்களில் அவ்வப்போது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன். தூக்கம் கலைந்த பிறகும், உடம்புக்கு ஓய்வாவது கிடைக்கட்டும் என்று மதியம் வரை கட்டிலிலேயே கிடப்பேன். வார விடுமுறை நாளில் முடிந்தவரை அதிக நேரம் தூங்கி ஈடுகட்டப் பார்க்கிறேன், ஆனால் அன்றும் தலை பாரமாகவே இருக்கிறது.

மருதம்:
இந்தப் பதிவுதான் இந்த இழையின் மையம் என்று கருதுகிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டீ. நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபின் அந்த அடினோசின் பொருந்தும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உடலில் சென்ற காஃபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்த டீயின் பெரும்பகுதி, நீங்கள் ஏழு மணிக்குப் படுக்கும்போது இரத்தத்தில்தான் இருக்கும். தூக்கம் வந்தாலும் அது ஆழமாக இராது. மேலும், தொடர்ந்து அதிகமாகக் காஃபின் எடுத்துக்கொண்டு வந்தவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கிச் சில நாள்கள் நீடிக்கும். விடுமுறை நாளில் நீண்ட நேரம் தூங்கியும் உங்கள் தலை பாரமாக இருப்பதற்கு, வழக்கமான வேளை டீ தவறிப்போவதும் ஒரு காரணமாக இருக்கலாம். எனவே ஒரேயடியாக நிறுத்தாமல், முதலில் ஐந்து மணி டீயையும், ஓரிரு வாரம் கழித்து இரண்டு மணி டீயையும் விடுங்கள். ஷிப்டின் முதல் பாதியில் குடிப்பதில் தவறில்லை.

அடுத்தது மாத்திரை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற தனி மருந்துகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபினும் பிறவும் கலந்த கூட்டு மாத்திரைகளை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்து வந்தால், அந்த மருந்தே தலைவலியை நிலைநிறுத்திவிடும். மாத்திரையின் தாக்கம் குறையும்போது வலி எழும், வலிக்காக மறுபடியும் மாத்திரை போடுவோம். அவ்வப்போது மட்டும் வந்துகொண்டிருந்த தலைவலி, மாதத்தில் 15 நாளுக்கு மேல் வரும் நாள்பட்ட தலைவலியாக மாறுவதற்கு நான் பார்த்தவரையில் இதுவே முதன்மையான வழி. கடைக்காரரைக் கேட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு, எது, எத்தனை நாள் என்பதை ஒரு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு ஐபுபுரூஃபன் வகையும், கல்லீரல் பாதிப்போ மதுப் பழக்கமோ உள்ளவர்களுக்கு அளவு மீறிய பாராசிட்டமாலும் தனியாகவே ஆபத்து.

விடுமுறைத் தூக்கம் ஓரளவு உதவும், முழுக் கடனையும் அடைக்காது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003-இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் நாள்தோறும் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களின் கவனத்திறன், முழுதாகத் தூங்காமல் விழித்திருந்தவர்களின் அளவுக்கு இறங்கிப்போனது. அதைவிடக் கவலைக்குரியது, தாங்கள் அவ்வளவு தளர்ந்திருக்கிறோம் என்பதை அவர்களே உணரவில்லை என்பதுதான். சுழலும் இயந்திரங்களுக்கு நடுவே நிற்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரிவண்டி:
ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இரவுப் பணியால்தான் தலைவலி என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆனால் ஓய்வு பெற்ற பின்பும் காலையில் எழும்போதெல்லாம் நெற்றி அழுத்தியது. நான் உரக்கக் குறட்டை விடுவதையும், இடையே மூச்சு நின்று திணறி எழுவதையும் என் மனைவி மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் இரவுத் தூக்கப் பரிசோதனை நடந்தது. தூக்கத்தில் மூச்சுத்தடை என்று தெரிந்து, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவியை வைத்துக்கொண்டு உறங்கத் தொடங்கியபின் அந்தக் காலைத் தலைவலி போய்விட்டது. கட்டிலில் எட்டு மணி நேரம் கிடந்தும் தூங்கியதாகவே தோன்றாதவர்கள் இதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மருதம்:
மிக முக்கியமான பதிவு ஐயா. மூச்சுத்தடைத் தலைவலியும் இரு பக்கமும் அழுத்துவதாகவே இருப்பதால் இறுக்கத் தலைவலியோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. விழித்தவுடன் இருந்து, நான்கு மணி நேரத்துக்குள் தானாகவே மறைந்துவிடுவது அதன் அடையாளம். கழுத்துச் சுற்றளவு அதிகம் உள்ளவர்கள், உரத்த குறட்டை உள்ளவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இவர்கள் தாமாகத் தூக்க மாத்திரை போடுவது கெடுதலாக முடியக்கூடும்.

பனிக்கரை:
சிறுவாணி அண்ணா, நித்திரை கலைந்த பின்னும் மதியம் வரை கட்டிலில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தலையிடிக்காகப் படுத்துக்கொள்வது இயல்பான செயல். இறுக்கத் தலையிடி உள்ள பெண்களிடம் விசாரித்த ஓர் அமெரிக்க ஆய்விலும், வலியைச் சமாளிக்கப் பெரும்பாலோர் கைக்கொண்ட வழி உறங்குவதாகவே இருந்தது. ஆனால் நேரங்கெட்ட நேரத்தில் படுப்பது அடுத்த நித்திரைக்கான பசியைக் குறைத்துவிடுகிறது. விழித்தபடியே கட்டிலில் கிடக்கக் கிடக்க, கட்டில் என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடுகிறது. 1972-இல் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இதற்காகவே ஏற்பட்டது: நித்திரை வரும்போது மட்டும் கட்டிலுக்குச் செல்வது, ஏறத்தாழ இருபது நிமிடமாகியும் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மெல்லிய வெளிச்சத்தில் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி வருவது, எத்தனை மணிக்கு உறங்கியிருந்தாலும் குறித்த நேரத்தில் எழும்புவது.

கட்டிலில் இருக்கும் நேரத்தையே சுருக்கி நித்திரையை இறுக்கமாக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதை நீங்கள் தனியாக முயல வேண்டாம். முதற்கிழமைகளில் பகல் மயக்கம் கூடும்; இயந்திரத்தோடு வேலை செய்பவரும் வாகனம் ஓட்டுபவரும் பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில்தான் அதைச் செய்ய வேண்டும்.

வாழைத்தோப்பு:
எனக்கு மாதத்தில் பாதி நாளுக்கு மேல் இந்தத் தலைவலி இருக்கிறது. மருத்துவர் அமிட்ரிப்டிலின் மாத்திரையை இரவில் போடச் சொன்னார். மருந்துக் கடையில் அது மனநோய்க்கான மருந்து என்று சொன்னதால் வீட்டில் அனைவரும் பயந்து, நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

மருதம்:
தம்பி, அது மனச்சோர்வுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து என்பது உண்மை. ஆனால் நாள்பட்ட இறுக்கத் தலைவலிக்கு மருத்துவ வழிகாட்டிகள் முதலில் பரிந்துரைக்கும் தடுப்பு மருந்தும் அதுவே. கோபன்ஹேகனில் பென்ட்சனும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வே இல்லாத தலைவலிக்காரர்களிடம் அமிட்ரிப்டிலின் வலியைக் குறைத்தது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான சிட்டலோப்ராம் குறைக்கவில்லை. ஆகவே அது வலிப்பாதையில் வேலை செய்வதால்தான் உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. தரும் அளவும் மிகக் குறைவு, 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள். தூக்கமும் சற்றுக் கூடும். வாய் உலர்தல், காலை மந்தம், மலச்சிக்கல் வரலாம். கண்ணழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, புராஸ்டேட் வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வீட்டாரையும் அடுத்த முறை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நெசவுத்தெரு:
தொழிற்சங்கப் பணியில் இருக்கிறேன். இதுவரை பேசியது அனைத்தும் தொழிலாளி தானாகச் செய்ய வேண்டியவை. ஷிப்டை அமைப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1982-இல் சைஸ்லர் என்பவரும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாதுத் தொழிற்சாலையில், வாரந்தோறும் பின்னோக்கி மாறிய ஷிப்டை முன்னோக்கி மாற்றினார்கள். அதாவது பகல், மாலை, இரவு என்ற வரிசையில், அதுவும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை. தொழிலாளர்களின் மனநிறைவு கூடியது, உற்பத்தியும் கூடியது. உடலின் கடிகாரம் தாமதமாகப் படுப்பதற்கு எளிதில் இணங்கும், முன்கூட்டிப் படுப்பதற்கு எளிதில் இணங்காது என்பதே இதன் அடிப்படை. முழு நைட்டிலிருந்து அரை நைட்டுக்கு, அதிலிருந்து பகலுக்கு என்று பின்னோக்கிச் சுற்றும் ஆலைகளில் வரிசையைத் திருப்பிப் போடக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்க வைப்பதோ தனிக் கொடுமை. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வரம்பு கட்டியது காரணமில்லாமல் அன்று.

சிறுவாணி:
எங்கள் ஆலையில் பின்னோக்கித்தான் சுற்றுகிறது. பணியாளர் குழுக் கூட்டத்தில் இதை எழுத்து மூலம் வைக்கிறேன். மாத்திரை விஷயமாக மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். அவரிடம் எதையெல்லாம் சொன்னால் உதவியாக இருக்கும்?

மருதம்:
ஒரு சிறு நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள், ஐயா. எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கடைசி டீ எப்போது, தலைவலி இருந்ததா, பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை, அன்று மனநெருக்கடி மிகுந்ததா என்பவை போதும். வலி இல்லாத நாளையும் விடாமல் எழுத வேண்டும்; அந்த நாள்கள்தான் எது உதவியது என்று காட்டும். மூன்று ஷிப்டும் குறைந்தது இரண்டு சுற்றாவது அதில் வரட்டும். அதற்குள்ளாகவே, முழு நைட் வாரத்தில் படுக்கும் அறையின் சன்னலுக்குத் தடித்த கருந்துணி போடுவது, மின்விசிறியின் ஓசையால் தெருச் சத்தத்தை மறைப்பது, வேலைக்குக் கிளம்பும் முன் மாலையில் ஒரு மணி நேரம் கண்ணயர்வது, ஆலை வண்டியில் கழுத்துக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்வது ஆகியவற்றைத் தொடங்கிவிடுங்கள். எதை எந்த நாளில் தொடங்கினீர்கள் என்பதையும் அந்த வரியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். குறட்டை பற்றி வீட்டில் கேட்டு, அந்த விடையையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.